தை மாதம் கடைசி முயற்சி: அதற்கு முன் பேசி முடிக்க வேண்டியவை

கேள்வி: எனக்கு 38 வயது, கணவருக்கு 42. கல்யாணமாகிப் பதினொரு வருடம் ஆகிறது. நான் தனியார் பள்ளி ஆசிரியை. அவர் கரூரில் பேக்கரி வைத்திருக்கிறார். ஐயூஐ (விந்தணுவைக் கர்ப்பப்பைக்குள் செலுத்துவது) நான்கு முறை செய்தோம், அப்புறம் ஐவிஎஃப் (முட்டையை வெளியே எடுத்துக் கருவாக்கி வைப்பது). இரண்டு முறை முட்டை எடுத்து மூன்று முறை கரு வைத்தார்கள். அதில் ஒருமுறை பாசிட்டிவ் வந்து, ஏழாவது வாரம் இதயத்துடிப்பு இல்லை என்று சொல்லிவிட்டார்கள். நகையெல்லாம் போய்விட்டது. தை மாதம் இன்னொரு முறை முட்டை எடுத்துப் பார்ப்போம், கடையை அடமானம் வைத்துப் பணம் புரட்டுகிறேன், ஆனால் இதுதான் கடைசி என்று கணவர் சொல்லிவிட்டார். அதற்கு மேல் பேச்செடுத்தால் எழுந்து போய்விடுகிறார். இந்த முறை எப்படியாவது நிற்க வேண்டும். வேலையை விட்டுவிட்டுப் படுத்தே இருக்கட்டுமா? கர்ப்பப்பையைச் சுரண்டிவிடுவது, கரு ஒட்டும் நாளைக் கண்டுபிடிக்கும் டெஸ்ட், ஒரு டிரிப் என்று மருத்துவமனையில் கூடுதலாக ஒன்றேகால் லட்சம் கேட்கிறார்கள். கட்டலாமா? நான் ரொம்பக் கவலைப்படுவதால்தான் நிற்பதில்லை என்கிறார் மாமியார். அது உண்மையா? இதற்கு நடுவில் தை மாதம் நாத்தனாருக்கு வளைகாப்பு. போகாவிட்டால் பொறாமை என்பார்கள்.
பெயர் வேண்டாம், கரூர்.

அன்புள்ள சகோதரிக்கு,

மாமியார் சொன்னதிலிருந்தே ஆரம்பிக்கிறேன். நீங்கள் கவலைப்பட்டதால் கரு நிற்காமல் போகவில்லை.

குழந்தையின்மை சிகிச்சை மையங்களில் மனநல ஆலோசகராகப் பதினாறு வருடமாக வேலை செய்கிறேன். ஆரம்பத்தில் நானும் வருகிறவர்களிடமெல்லாம் "மனச லேசா வெச்சுக்கோங்க, கண்டிப்பா நிக்கும்" என்றுதான் சொல்லி அனுப்புவேன். ஆறுதலாக இருக்கட்டும் என்று நினைத்தேன். ஒரு பெண் ரிசல்ட் நெகட்டிவ் வந்த மறுநாள் என் அறைக்கு வந்தார். அழவில்லை. "அப்போ நான் மனச சரியா வெச்சுக்கலையா மேடம்?" என்று மட்டும் கேட்டார். என்னிடம் பதில் இல்லை. அன்றோடு அந்தப் பேச்சை விட்டேன்.

பிரிட்டனில் ஜாக்கி பாய்வின் என்ற பேராசிரியை தலைமையிலான குழு, 14 ஆய்வுகளில் இருந்த 3,583 பெண்களின் விவரங்களைச் சேர்த்துப் பார்த்து 2011-இல் முடிவை வெளியிட்டது. சிகிச்சைக்கு முன் மிகவும் கலங்கிப்போயிருந்தவர்களுக்கும் நிதானமாக இருந்தவர்களுக்கும் கரு நிற்பதில் வித்தியாசம் தெரியவில்லை. கரு ஒட்டாமல் போவதற்கும், ஒட்டியது ஏழெட்டு வாரத்தில் கலைந்துபோவதற்கும் பெரும்பாலும் காரணம் அந்தக் கருவின் குரோமோசோம்களில் இருக்கும் கோளாறு. வயது ஏற ஏற முட்டையில் அந்தக் கோளாறு கூடுகிறது. நீங்கள் அழுதது, மாடிப்படி ஏறியது, பப்பாளி சாப்பிட்டது எதுவும் அதற்குள் போய் எதையும் மாற்றாது. கவலையைக் குறைத்துக்கொள்ள வழி இருந்தால் செய்யுங்கள், உங்கள் தூக்கத்துக்காக. குழந்தைக்காகக் கவலைப்படாமல் இருக்க வேண்டும் என்று இன்னொரு பாரத்தைத் தலையில் ஏற்றிக்கொள்ள வேண்டாம்.

அடுத்து, நீங்கள் கேட்காத ஒன்றைப் பற்றிப் பேச வேண்டும். உங்கள் கடிதத்தில் "கடைசி" என்ற வார்த்தை இருக்கிறது. அதற்கு உங்கள் மனதில் ஒரு பொருளும் அவர் மனதில் வேறொரு பொருளும் இருக்கும் என்று நினைக்கிறேன். இத்தனை வருடத்தில் நான் பார்த்த தம்பதிகளில் பாதிப் பேருக்கு மேல் அப்படித்தான்.

ஒரு உதாரணம். தை மாதம் முட்டை எடுக்கிறார்கள். ஐந்தாம் நாள் வரை வளர்ந்த கரு மூன்று கிடைக்கிறது. ஒன்றை வைக்கிறார்கள், இரண்டை உறைய வைக்கிறார்கள். வைத்தது நிற்கவில்லை. இப்போது "கடைசி" முடிந்துவிட்டதா? உறைய வைத்த இரண்டும் அதே முயற்சியின் மிச்சம்தானே என்று நீங்கள் நினைப்பீர்கள். முடிந்தது என்று சொன்னோமே என்று அவர் நினைப்பார். இன்னொன்று: முட்டை ஒன்றிரண்டுதான் கிடைக்கிறது, கரு சரியாக வளரவில்லை. டோனர் முட்டை, அதாவது வேறொரு பெண் தானமாகத் தரும் முட்டை, போகலாமா என்று கேட்பார்கள். மயக்க மருந்து தெளிந்தும் தெளியாத நேரத்தில், வராந்தாவில், அந்தக் கேள்விக்குப் பதில் சொன்ன தம்பதிகளை நான் பார்த்திருக்கிறேன். அது பதில் சொல்லும் இடமே இல்லை.

ஆகவே ஊசி ஆரம்பிப்பதற்கு முன்னால், இந்த மூன்று மாதத்துக்குள், இருவரும் உட்கார்ந்து பேசி ஒரு தாளில் எழுதுங்கள். உறைய வைத்த கரு மிஞ்சினால் வைத்துப் பார்ப்போமா? எத்தனை மாதத்துக்குள்? டோனர் முட்டை நமக்குச் சம்மதமா, இல்லையா? நடுவில் ஒருவர் போதும் என்று சொன்னால் நிறுத்திவிடலாமா? எழுதித் தேதி போட்டு பீரோவில் வையுங்கள். பிறகு மாற்றக்கூடாது என்று இல்லை. மாற்றுவதானால் இருவரும் அந்தத் தாளை எடுத்து வைத்துக்கொண்டு மாற்ற வேண்டும். ஹார்மோன் ஊசி போடும் நாட்களில் புதிதாக எதையும் முடிவு செய்யாதீர்கள்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதும் தெரிந்திருக்கட்டும். 2021-இல் வந்த செயற்கைக் கருத்தரிப்புத் தொழில்நுட்பச் சட்டம் 2022 ஜனவரியிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. அதன்படி பெண்ணுக்கு 50, ஆணுக்கு 55 வயது வரை சிகிச்சை எடுக்கலாம். ஆகவே "இப்போ விட்டா அப்புறம் முடியாது" என்று யாராவது அவசரப்படுத்தினால் சட்டத்தில் அப்படி ஒரு அவசரம் இல்லை. உடம்பின் கணக்கு வேறு, அதை டாக்டரிடம் கேளுங்கள். உங்கள் கருவைப் பத்து வருடம் வரை உறைய வைக்கலாம். இருவரின் எழுத்துப்பூர்வச் சம்மதம் இல்லாமல் எதுவும் செய்யக்கூடாது. கருவைக் கர்ப்பப்பையில் வைப்பதற்கு முன்பு வரை சம்மதத்தைத் திரும்பப் பெறலாம். டோனர் முட்டையில் பிறந்தாலும் அந்தக் குழந்தை சட்டப்படி முழுக்க உங்கள் குழந்தைதான். சிகிச்சை மையத்தில் ஆலோசகர் ஒருவர் இருக்க வேண்டும் என்பதும் அந்தச் சட்டத்தின் விதிகளில் இருக்கிறது. உங்கள் மையத்திலும் இருப்பார். கேளுங்கள்.

சரி, பேச்செடுத்தால் எழுந்து போகிற மனிதரிடம் எப்படிப் பேசுவது?

அவர் எழுந்து போவதை வைத்து அவருக்கு அக்கறை இல்லை என்று முடிவு கட்டாதீர்கள். முட்டை எடுக்கும் நாளில் மனைவி உள்ளே இருக்க, வெளியே மருந்துச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு கவுன்டருக்கும் லிஃப்டுக்கும் நடந்தபடி இருக்கும் ஆண்களைத் தினமும் பார்க்கிறேன். அவர்களிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை. பணம் கட்டச் சொல்வார்கள், ஒரு டப்பாவைக் கொடுத்து அறையைக் காட்டுவார்கள், அவ்வளவுதான். ஏழாவது வாரம் இதயத்துடிப்பு இல்லை என்று சொன்ன அன்று உங்களை நாலு பேர் தாங்கியிருப்பார்கள். அவரை யாராவது தாங்கினார்களா? "இதுதான் கடைசி" என்று அவர் சொன்னதற்குள், உங்களை இன்னொரு முறை அந்த நிலையில் பார்க்க முடியாது என்ற பயம் இருக்கலாம். இது என் ஊகம்தான். அவரிடம் கேட்டால்தான் தெரியும்.

எதிரே உட்காரவைத்துக் கேட்காதீர்கள். கடை சாத்திய பிறகு, வண்டியில் பின்னால் உட்கார்ந்தபடி, இல்லை இருவரும் சேர்ந்து ஏதோ ஒரு வேலை செய்யும்போது, ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். "போன தடவை உங்களுக்கு எது ரொம்பக் கஷ்டமா இருந்துச்சு?" பதில் வராவிட்டால் விட்டுவிடுங்கள், நாலு நாள் கழித்து வரும். எழுதுவது அவருக்கு எளிதென்றால் மேலே சொன்ன தாளில் அவர் பங்கை அவரே தனியாக எழுதட்டும். நீங்களும் தனியாக எழுதுங்கள். பிறகு மாற்றிப் படியுங்கள்.

கடையை வைத்துப் பணம் வாங்குவது பற்றி. இதில் நான் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்: கடையை அடமானம் வைக்காதீர்கள். சேமிப்பிலிருந்தோ, வட்டியில்லாமல் கொடுக்கும் உறவிடமிருந்தோ எவ்வளவு முடியுமோ அதுவே எல்லை. 35 வயதுக்கு உட்பட்டவர்களுக்கே கரு வைக்கும் ஒவ்வொரு முறையும் குழந்தையில் முடிவது பாதிக்கும் குறைவு. 38-இல் அது இன்னும் குறைகிறது. உங்களுக்கு எவ்வளவு என்பதை உங்கள் டாக்டர் உங்கள் பழைய ரிப்போர்ட்டுகளை வைத்துச் சொல்ல வேண்டும். எவ்வளவு சொன்னாலும் அது நிச்சயம் ஆகாது. குழந்தை வந்தாலும் வராவிட்டாலும் அதற்கு மறுநாள் காலையில் அந்த பேக்கரியில் அடுப்பு எரிய வேண்டும். அதை ஈடாக வைத்து எடுக்கும் முயற்சி, ரிசல்ட் வரும் நாளைத் தாங்க முடியாத நாளாக்கிவிடும். பெரும்பாலான மருத்துவக் காப்பீடுகள் ஐவிஎஃப் செலவைத் தருவதில்லை. ஆனால் உங்கள் பாலிசியில் என்ன எழுதியிருக்கிறது என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

இப்போது அந்த ஒன்றேகால் லட்சம். நான் மருத்துவர் இல்லை, முடிவு உங்கள் டாக்டரும் நீங்களும் சேர்ந்து எடுப்பது. இந்த மூன்றைப் பற்றியும் வெளியே என்ன தெரிந்திருக்கிறது என்பதைச் சொல்ல முடியும். கர்ப்பப்பையின் உள்சுவரைச் சுரண்டிவிடுவதை 1,364 பெண்களிடம் சோதித்து 2019-இல் முடிவு வெளியானது. சுரண்டியவர்களிலும் சுரண்டாதவர்களிலும் குழந்தை பெற்றவர்கள் நூற்றுக்கு 26 பேர்தான். டிரிப் என்று அவர்கள் சொல்வது இன்ட்ராலிப்பிட் ஆக இருக்க வேண்டும். பால் மாதிரி வெள்ளையாக இருக்கும், சோயா எண்ணெயில் செய்தது. வாயால் சாப்பிட முடியாத நோயாளிகளுக்கு ஊட்டமாக ஏற்றுவதற்காக வந்தது அது. கரு ஒட்டும் நாளைப் பார்ப்பதாகச் சொல்லும் ஈஆர்ஏ டெஸ்ட் உட்பட இந்த மூன்றையும் வழக்கமாகச் செய்ய வேண்டாம் என்றுதான் ஐரோப்பிய கருத்தரிப்பு மருத்துவர்களின் அமைப்பான எஷ்ரே 2023-இல் பரிந்துரைத்தது. டாக்டரிடம் கேளுங்கள்: "என்னைப் போன்றவர்களுக்கு இதைச் செய்ததால் குழந்தை பிறப்பது கூடியது என்று ஆய்வு இருக்கிறதா? செய்யாவிட்டால் என்ன ஆகும்?" நல்ல டாக்டர் கோபப்பட மாட்டார். கடைசி முறை என்று சொன்னவுடன் நம் கை தானாகவே பர்ஸுக்குப் போகும். எதையும் விட்டுவைக்கக்கூடாது என்ற தவிப்பு அது. அந்தத் தவிப்பை நான் குறை சொல்லவே மாட்டேன்.

அந்தப் பணத்துக்கும் நேரத்துக்கும் இன்னொரு நல்ல செலவு இருக்கிறது. ஆரம்பிப்பதற்கு முன் டாக்டரோடு அரை மணி நேரம் அப்பாயின்ட்மென்ட் வாங்கி, பழைய இரண்டு முறையும் என்ன நடந்தது என்று உட்கார்ந்து கேளுங்கள். எத்தனை முட்டை வந்தது, எத்தனை முதிர்ந்திருந்தது, எத்தனை கருவானது, எத்தனை ஐந்தாம் நாள் வரை போனது. இந்த ரிப்போர்ட்டை எழுத்தில் வாங்குங்கள், அது உங்களுடையது. தைராய்டு, சர்க்கரை இப்போது எப்படி இருக்கிறது, கருக்குழாயில் நீர் கோத்திருக்கிறதா என்றும் கேளுங்கள். நீர் கோத்த குழாயை அப்படியே விட்டுவிட்டுக் கரு வைத்தால் வாய்ப்பு குறையும், முன்கூட்டியே சரிசெய்தால் கூடும் என்பது நன்றாக நிரூபிக்கப்பட்ட விஷயம். இந்த முறை எதை மாற்றிச் செய்யப்போகிறீர்கள், ஏன் என்பதுதான் முக்கியமான கேள்வி. வேறு மருத்துவமனையில் ஒருமுறை ஃபைலைக் காட்டிக் கேட்பதும் துரோகம் இல்லை.

தைக்கு இன்னும் மூன்று மாதம் இருப்பது ஒரு விதத்தில் நல்லது. ஒரு விந்தணு உருவாகி முதிர இரண்டரை மாதத்துக்கு மேல் ஆகும். தை மாதம் கொடுக்கப்போவது இன்றைக்கு உருவாக ஆரம்பிப்பதுதான். உங்கள் கணவர் நாள் முழுக்க பேக்கரி அடுப்பு முன்னால் நிற்கிறவர். விதைப்பைக்குச் சூடு ஆகாது. அது உடம்புக்கு வெளியே இருப்பதே குளிர்ச்சிக்காகத்தான். முடிந்தால் இந்த மூன்று மாதம் அடுப்பை மாஸ்டரிடம் விட்டுவிட்டுக் கல்லாவுக்கு வரட்டும். பீடி, சிகரெட், குடி இருந்தால் இன்றே நிறுத்தட்டும். உங்களுக்கு ஃபோலிக் ஆசிட் மாத்திரை, சரியான சாப்பாடு, தூக்கம். ஊசி போடும் நாட்களில் சஷ்டி விரதம் இருக்கச் சொன்னால், டாக்டர் பட்டினி கூடாது என்றார் என்று சொல்லிவிடுங்கள். திருக்கருகாவூர் போய் நெய் வாங்கி வருவதென்றால் போய் வாருங்கள். அதில் உங்களுக்கு நிம்மதி இருந்தால் அதுவே பெரிது.

வேலையை விட வேண்டாம். கரு வைத்த பிறகு படுத்தே இருந்தால் நிற்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை. நடக்கும்போது கரு கீழே விழுந்துவிடாது. முட்டை எடுக்கும் நாளைச் சுற்றியும் கரு வைக்கும் நாளன்றும் லீவு போடுங்கள், அது போதும். ரிசல்ட்டுக்குக் காத்திருக்கும் அந்த இரண்டு வாரம் வீட்டில் தனியாக மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பதைவிட, நாற்பது பிள்ளைகளுக்கு முன்னால் நிற்பது லேசாக இருந்தது என்று சொன்ன ஆசிரியைகள் இருக்கிறார்கள். பிள்ளைகளைப் பார்ப்பதே வேதனையாக இருந்தது என்று சொன்னவர்களும் உண்டு. உங்களுக்கு எது என்று உங்களுக்குத்தான் தெரியும்.

காத்திருக்கும் அந்தப் பத்துப் பதினைந்து நாளைப் பற்றி இரண்டு விஷயம். கரு நிற்க உதவியாகத் தரும் புரோஜெஸ்டிரோன் ஹார்மோன் மாத்திரையும் ஊசியும் மார்பு வலி, வயிறு உப்புசம், குமட்டல் எல்லாம் தரும். கர்ப்பத்திலும் அதேதான் இருக்கும். அதனால் உடம்பைக் கேட்டுப் பிரயோஜனம் இல்லை, அது இரண்டு பதிலும் சொல்லும். வீட்டில் கிட் வாங்கிப் பார்க்கவும் வேண்டாம். முட்டை எடுக்கும் முன் போடும் ஹெச்சிஜி (கர்ப்ப ஹார்மோன்) ஊசி உடம்பில் மிச்சமிருந்தால் பொய்யாகப் பாசிட்டிவ் காட்டும். ரொம்பச் சீக்கிரம் பார்த்தால் பொய்யாக நெகட்டிவ் காட்டும். அந்த ஹார்மோனை ரத்தத்தில் அளக்கும் பீட்டா பரிசோதனை வரும்வரை காத்திருங்கள்.

அந்தப் பரிசோதனை நாளை இப்போதே திட்டமிடுங்கள். இதை நான் வலியுறுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஸ்டாஃப் ரூமில், பத்துப் பேருக்கு நடுவில், போனில் நெகட்டிவ் என்று கேட்டுவிட்டு அடுத்த பீரியட் வகுப்புக்குப் போனவர் ஒருவரை எனக்குத் தெரியும். நீங்கள் அன்று பள்ளிக்கு லீவு போடுங்கள். உங்கள் கணவர் கடைக்குப் போக வேண்டாம். மருத்துவமனை அழைக்க வேண்டியது ஒரே ஒரு எண், யாருடையது என்று முன்பே சொல்லிவிடுங்கள், ஸ்பீக்கரில் போட்டு இருவரும் சேர்ந்து கேளுங்கள். என்ன வந்தாலும் அன்று மாலை வரை யாருக்கும் சொல்லத் தேவையில்லை. மாமியாரிடமும் உங்கள் அம்மாவிடமும் யார் சொல்வது என்பதையும் முடிவு செய்யுங்கள். அதை நீங்கள் செய்யக்கூடாது என்பது என் கருத்து.

பாசிட்டிவ் வந்தால் பயம் போய்விடும் என்று எதிர்பார்க்காதீர்கள். உங்களுக்கு ஏழாவது வாரம் தாண்டும் வரை ஒவ்வொரு ஸ்கேனும் பழைய ஸ்கேன் மாதிரித்தான் இருக்கும். ஸ்கேனுக்கு அவரும் உள்ளே வரட்டும்.

நெகட்டிவ் வந்தால், அந்த வாரமோ அந்த மாதமோ அடுத்தது என்ன என்று யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை. "தத்து எடுத்துக்கலாமே" என்று மறுநாளே ஆரம்பிப்பார்கள். தத்தெடுப்பது இன்னொன்று கிடைக்காததற்கு ஈடாகச் செய்வதல்ல, அழுது முடித்த மனது வேண்டும் அதற்கு. கதவு மூடிவிடுமோ என்ற பயம் வேண்டாம் என்பதற்காக இதை மட்டும் சொல்கிறேன்: மத்திய அரசின் காரா அமைப்பு மூலம்தான் தத்தெடுக்க வேண்டும், 2022 விதிகளின்படி இரண்டு வயதுக்குள் இருக்கும் குழந்தைக்குத் தம்பதியின் வயதைக் கூட்டினால் 85-க்கு மேல் போகக்கூடாது. உங்கள் இருவருக்கும் இப்போது 80. இரண்டு முதல் நான்கு வயதுக் குழந்தை என்றால் 90 வரை இருக்கிறது. பதிவு செய்த பிறகு காத்திருப்பு சில வருடங்கள் ஆகும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். இருவர் மட்டுமாகவே வாழ்வது என்று முடிவெடுத்தவர்களும் என்னிடம் வருகிறார்கள். அவர்கள் வாழ்க்கையில் யாரும் குறை காணத் தேவையில்லை.

இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமில்லை, சாப்பிட முடியவில்லை, இருந்து என்ன பயன் என்ற நினைப்பு வருகிறது என்றால் தள்ளிப்போடாதீர்கள். டெலிமானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416, எந்த நேரமும் தமிழில் பேசலாம். உங்கள் கணவருக்கும் இது பொருந்தும்.

இனி வளைகாப்பு. போகாதீர்கள். ஊசி போடும் நாட்களாக இருந்தாலும் சரி, காத்திருக்கும் நாட்களாக இருந்தாலும் சரி. நீங்கள் நாத்தனார் மேல் வைத்திருக்கும் பாசம் அன்று அந்தக் கூட்டத்தில் நிரூபிக்க வேண்டியது இல்லை. "அடுத்தது உனக்குத்தான்" என்று உங்கள் கையில் யாராவது வளையல் மாட்டுவார்கள், பக்கத்தில் உட்கார வைப்பார்கள், எல்லாரும் உங்கள் முகத்தையே பார்ப்பார்கள். அந்த நாட்களில் அது உங்களுக்குத் தேவையில்லை. முந்தின வாரம் ஒரு சாயங்காலம் நாத்தனாரை மட்டும் தனியாகப் போய்ப் பாருங்கள். வளையலும் புடவையும் பேக்கரியில் அவளுக்குப் பிடித்ததும் கொண்டுபோய்க் கொடுங்கள், விஷயத்தையும் அவளிடம் மட்டும் சொல்லுங்கள். விசேஷத்தன்று உங்கள் கணவர் தனியாகப் போகட்டும். அவருடைய தங்கைதானே. நீங்கள் ஏன் வரவில்லை என்று நாலு பேர் கேட்பார்கள். அதற்கு அவரே பதில் சொல்லட்டும்.